இருபதடி மனைக்கு ஒரு கூரை தேடித் திருச்செங்கோடு வரை

நான் மொட்டை மாடி கேட்டுப் பிடிவாதம் பிடித்ததால்தான் நகர அலுவலகம் என் வீட்டுப் படத்தைத் திருப்பி அனுப்பியது என்று சூரமங்கலத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் கேட்டது ஓட்டுக் கூரை. தெருவைப் பார்த்து முக்கோண முகப்பு, இரண்டு பக்கமும் சரிவு. நான் படித்த கான்வென்டின் முகப்பு அப்படி. அதைப் போலவே வரையச் சொன்னதும் நான்தான்.

விதி இதுதான்: கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் மூன்றடி இடம் விட வேண்டும். என் மனையின் அகலம் இருபதடி, நீளம் அறுபதடி. இரு பக்கமும் மும்மூன்றடி விட்டு, ஒன்றரையடிச் சுவர் இரண்டையும் கழித்தால் உள்ளே பதினோரடி மிஞ்சும். அது வீடல்ல, ரயில் பெட்டி. பங்குனி முடிவதற்குள் திருத்திய படத்துக்கு அனுமதி வாங்காவிட்டால் அலுவலகம் எனக்கு ஒதுக்கிய மனை அடுத்த மனுதாரருக்குப் போய்விடும். கணவர் காலமானதிலிருந்து கொழுந்தனார் வீட்டின் பின்னறையில் பதினாறு வருடம் இருந்துவிட்டேன். அந்த மனையைக் கைவிட எனக்கு மனமில்லை. ஆகவே மாசி மாதம் ஒரு புதன்கிழமை கூரைகளைப் பார்க்கக் கிளம்பினேன்.

சூரமங்கலத்திலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஜட்கா, இரண்டணா. ஏழே காலுக்குப் புறப்பட வேண்டிய பஸ் ஏழு ஐம்பதுக்குப் புறப்பட்டது. திருச்செங்கோட்டுக்கு இருபத்தெட்டு மைல், ஏழணா. இடப்பக்கம் உட்காராதீர்கள், முற்பகல் வெயில் முழுவதும் அங்கேதான். பத்தரைக்கு இறங்கினேன்.

அங்கே என்னோடு படித்த தோழியின் வீடு மொட்டை மாடி வீடு. தட்டைக் கூரையானால் பக்கத்தில் தண்ணீர் விழாது, தூம்பு வைத்துப் பின்னால் இறக்கிவிடலாம் என்பது என் எண்ணம். சாப்பாடானதும், ஒரு மணிக்கு மாடியைக் காட்டச் சொன்னேன்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு ஏறு. இல்லீன்னா உள்ளங்காலு பொத்துப்போயிரும்" என்றாள்.

கீழே வந்து கூடத்தில் அண்ணாந்து பார்த்தேன். விட்டங்களுக்கு இடையே வெள்ளைத் திட்டுகள்.

"இதெல்லாம் என்ன?"

"ஒழுகுன எடம். வருசா வருசம் மழைக்கு முன்னால சுண்ணாம்பு பூசுறோம். ஊருக்குத் தேர் நோம்பி, எங்க ஊட்டுக்கு இது நோம்பி."

இந்தத் திருவிழா எனக்கு வேண்டாம், மாடியும் வேண்டாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். நான் தனியாள். வருடா வருடம் கொத்தனாரைக் கெஞ்ச என்னால் ஆகாது.

இரண்டரை மணி பஸ்ஸில் திரும்பினேன். ஆட்டையாம்பட்டியில் இயந்திரத்துக்குத் தண்ணீர் ஊற்ற அரைமணி நிற்கும் என்றார் டிரைவர். இறங்கி நடந்தேன். நெசவாளர் தெரு ஒன்று. எல்லாம் ஓட்டு வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. நடுவில் ஓர் அங்குல இடைவெளி இல்லை. தையல் டேப்பை எடுத்து ஒரு வீட்டின் முகப்பை அளந்தேன். பதினெட்டடி.

வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "ஏனுங்கம்மா, ஊட்டை வெலைக்குக் கேக்க வந்தீங்களா?"

"இல்லை. சுவர் ஒட்டி இருக்கிறதே, மழைத் தண்ணீர் யார் பக்கம் விழும்?"

"அவிய பக்கம் ஒரு சொட்டு உழுந்தாப் போதுமுங்க, சண்டைதான். எங்க கூரையெல்லாம் பாதி தெருவுக்குச் சாயும், பாதி பொடக்காலிக்குச் சாயுமுங்க." கொல்லைப்புறத்தைத்தான் பொடக்காலி என்கிறார்கள்.

உள்ளே தறியில் இருந்த அவள் கணவர் தலையை நீட்டினார். "உங்க கூரை எப்படீங்க சாயுது?"

சொன்னேன்.

"அப்ப ஊடு தெருவுக்கு மூக்கை நீட்டிக்கிட்டு நிக்கோணுமாக்கும்."

"சும்மா இருங்க. பெரியவங்க கோவிச்சுக்கப் போறாங்க" என்றாள் அந்தப் பெண்.

கோபம் வந்தது உண்மை. ஆனால் கணக்கு அவர் பக்கம் இருந்தது. முகட்டைத் திருப்பித் தெருவுக்கு இணையாக ஓடவிட்டால் முன்னும் பின்னும்தான் இடம் விட வேண்டும். நீளத்தில் எனக்குப் பஞ்சமில்லை. உள்ளே பதினேழடி அகலம் கிடைக்கும். பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாதே என்றேன். அவர் தறிக்கு மேலே காட்டினார். ஓடுகளுக்கு நடுவே நான்கு கண்ணாடி ஓடுகள். அந்த வெளிச்சத்தில் நூலின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அதில் நான் புத்தகம் படிக்கலாம்.

அன்று மாலையே முக்கோண முகப்பை என் கையால் அடித்துவிட்டு, படத்தைப் புதிதாக வரைந்தேன்.

வீடு கட்டப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். மொட்டை மாடியை நடுப்பகலில் பாருங்கள், காலையில் எல்லா மாடியும் நன்றாக இருக்கும். கையில் டேப் இருக்கட்டும். கூரை என்ன கூரை என்பதற்கு முன், தண்ணீர் எங்கே விழும் என்று கேளுங்கள். முகப்பைக் கடைசியில் யோசியுங்கள். நான் முதலில் யோசித்து ஒரு மாதத்தை இழந்தேன்.

புதிய படத்தை அலுவலகத்தில் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பங்குனி முடிய ஒன்பது நாள் இருக்கிறது. குமாஸ்தா "சரியாத்தான் இருக்குதுங்க" என்றார். அவர் வாய்ச்சொல்லை நம்பி நான் அஸ்திவாரம் தோண்ட முடியாது. அலுவலகத்தார் இதைப் படித்தால், முன்புறக் கூரைத் தண்ணீரைத் தகரத் தூம்பு வழியாகத் தெருச் சாக்கடையில் விட அனுமதி உண்டா, இல்லையா என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.