வாய்க்காலில் இறங்கி நின்ற பூங்கோதை

கீழ்வேளூரிலிருந்து பூங்கோதையின் தம்பி போனில் பேசினார். “அக்கா போயிடுச்சு சார். அண்ணன் மம்பட்டியால அடிச்சிட்டான்.” தஞ்சாவூரில் வகுப்பறை வாசலில் நின்றிருந்தேன். கையிலிருந்த சாக்பீஸ் நொறுங்கிப்போனது. துக்கத்துக்கு முன் ஆத்திரம்தான் வந்தது. இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

எங்கள் கணிதத் துறையில், உடன் பணியாற்றிய அவர் கோபத்துக்குத் தப்பியவர் எவருமில்லை. மேட்ராய்டுகள் என்னும் கணித அமைப்புகளின் இரட்டைமை, அதாவது ஒன்றையே மறுபக்கத்திலிருந்து பார்க்கும் முறை, பற்றி நாங்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையில், பெருக்கலில் இடம் வலம் மாறினாலும் விடை மாறாது என்று வைத்துக்கொண்டு ஒரு நிறுவலை முடித்திருந்தேன். தாளைக் கிழித்து என் மேசையில் அறைந்தார். “இரட்டைக்குப் போனா இடது வலதாகும் சார். அத மறைச்சு ஜெயிச்சா திருட்டு.” மேசைக் கண்ணாடி விரிசல் விட்டது. அவர் சொன்னதுதான் சரி.

மாணவர்களுக்கு ஊர் வாய்க்கால்களை வைத்தே விளக்குவார். வலையாகப் பின்னிய வாய்க்கால்களில் சிலவற்றை அடைத்து, நீர் கடைசியாகச் சேரும் கடைமடையைத் துண்டித்துவிடுங்கள். அடைத்தவற்றை மட்டும் தாண்டி வயல் வயலாக நடந்தால் புறப்பட்ட வயலுக்கே வந்து சேர்வீர்கள். நீரின் பக்கம் துண்டிப்பு, நிலத்தின் பக்கம் வளையம். படமே வரைய முடியாத இடத்தில், கூட்டலுக்கே பல விடைகள் வரும் இடத்தில், இந்த உறவு எதுவரை நிற்கும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. “ஒரு பக்கத்த மட்டும் பாத்துட்டு எந்திரிக்காதீங்க” என்று பெஞ்சில் குத்துவார்.

அண்ணன் நிலம் நீர் முதலில் பாயும் தலைமடை, தம்பி நிலம் கடைமடை. சம்பா நாற்று கருகும் நேரத்தில் அண்ணன் வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டு அடைத்தார். தம்பி அரிவாளோடு போனார். ஊருக்குப் போயிருந்த பூங்கோதை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுவே இறங்கி, ஆளுக்கு ஓர் அறை விட்டாராம். பிறகு அரிவாளைப் பிடுங்கத் தம்பி பக்கம் திரும்பினார். தம்பியை நோக்கி அண்ணன் ஓங்கிய மண்வெட்டி அவர் பின்மண்டையில் இறங்கியது. அண்ணன் இப்போது சிறையில் இருக்கிறார்.

சிதை எரிந்துகொண்டிருக்கும்போதே தம்பி, “அவன் மகன உசுரோட விடமாட்டேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அதுவரை யார்மீதும் கைநீட்டாத நான் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். “உனக்கு விழ வேண்டிய அடியத்தான்டா அக்கா வாங்கிச்சு. இன்னும் ஒரு உசுரு கேக்குதா உனக்கு?” திருப்பி அடிப்பார் என்று நினைத்தேன். சாம்பல் மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

பூங்கோதைக்குப் பொறுமை இல்லை என்று நாம் எல்லோரும் குறைபட்டிருக்கிறோம். அந்தக் கோபத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். அண்ணன் மகன் உயிரோடு இருக்கிறான்.