மயிலுக்கு எதிரே ஒரு கட்டம்

பழனி அடிவாரத்தில் நான் வைத்திருந்தது சாமி படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை. பச்சை குத்துகிறவர்கள் வாசலில் தொங்கவிடும் மாதிரி அட்டைகளும் சட்டத்துக்கு என்னிடம்தான் வரும். வேல், மயில், தேள், தாமரை, கோலப் பின்னல் என்று அட்டை முழுக்க வரைந்திருக்கும். வருகிறவர் விரலை வைத்துக் காட்டினால் அந்தப் படம் கைக்கு ஏறும். ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், உடைந்த கண்ணாடியை மாற்றப் பிரித்தபோது, பின்னால் முட்டுக்கொடுக்க வைத்திருந்த இன்னொரு பழைய அட்டை கையில் வந்தது. அதிலும் படங்கள். உரியவரிடம் கேட்டேன். "அந்தக் குப்பையையா? வச்சுக்கங்க" என்றார். என் சேகரிப்பு அந்தக் குப்பையில்தான் ஆரம்பித்தது.

விஷயம் பரவியதும் பழசு என்று சொல்லி எதையாவது என் தலையில் கட்டப் பார்த்தார்கள். புது அட்டையை டீத்தண்ணீரில் நனைத்து, அடுப்புப் புகை காட்டிக் கொண்டுவந்த மகானுபாவர்களும் உண்டு. புகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியும். பழைய அட்டைகளுக்குக் கண்ணாடி கிடையாது என்பதால் விரல் பட்ட இடத்தில் மட்டும் அழுக்கேறியிருக்கும். எந்தப் படத்துக்குக் கிராக்கி என்பது அந்த அழுக்கிலேயே தெரிந்துவிடும். தேசியக் கொடி வரைந்த அட்டையானால், கொடியில் ராட்டை இருந்தால் சுதந்திரத்துக்கு முந்தியது, சக்கரம் இருந்தால் பிந்தியது. கொடைக்கானல் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சரம்மா ஒருவர் கோயிலைப் பார்க்க வரும்போதெல்லாம் அட்டை கேட்பார். அவர் நாட்டில் இதற்கு 'ஃபிளாஷ்' என்று பெயராம். அழகானதாகப் பொறுக்கி எடுப்பார், கொடுத்துவிடுவேன். அழகானதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. அட்டையில் உள்ள படம் ஏதாவது ஒரு கையில் இருக்க வேண்டும். கைக்கு ஏறாத படத்துக்கு என்னிடம் மதிப்பில்லை.

அதனால் கைகளைப் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்தது. கோயில் கூட்டத்தில் பெண்களின் முன்கையை உற்றுப் பார்ப்பவனை ஊர் என்ன நினைக்கும்? என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவேன். "இந்த மனுசனுக்கு வேற சோலி இல்ல, கையச் செத்த காட்டுங்க" என்று அவள் பீடிகை போடுவாள். சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள்.

ஓர் அட்டை மட்டும் என்னை ரொம்ப நாள் ஏய்த்தது. கழுத்தைத் திருப்பிய ஒற்றை மயில். எதிரே புள்ளிகளால் ஒரு கட்டம், உள்ளே ஒன்றும் இல்லை. வரைந்தவர் பாதியில் விட்டுவிட்டார் என்று எண்ணி, மட்டமான அட்டைகளோடு போட்டு வைத்திருந்தேன். பிறகு அடிவாரத்துப் பெண்கள் சிலரின் கையில் அதே மயிலைப் பார்த்தேன். மயில் வெளிறியிருந்தது, கட்டத்துக்குள் ஓர் ஆணின் பெயர், கறுப்பு மாறாமல். மயில் கல்யாணத்துக்கு முன்னால் குத்தியது, பெயர் பின்னால். புருஷன் பெயரை அவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். கூட வந்தவர் எழுதிக் காட்ட, குத்துகிறவர் பார்த்துக் குத்துவார். ஆக அந்த அட்டையில் குறையே இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அன்றே அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில், தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு, கொடைக்கானல் மலைமேல் இருக்கும் பூம்பாறையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் பஸ் மாறி மாறிக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் கையில் ஒரு பை பூண்டு, எனக்காம். அவள் முன்கையில் அந்த மயில். எதிரே வெறும் கட்டம்.

"அரைகொறையா நிக்கிதுங்கய்யா" என்றார் அவர். "சோடி மயிலு வரவேண்டிய எடமுன்னு எங்காத்தா சொல்லுது. சின்னப்புள்ளையில இங்கன வந்து குத்தையில வலி பொறுக்காம ஓடியிருக்கும்னு சொல்லுது. முருகன் காலடியில அரைகொறையா விட்டதுனாலதான் வயித்துல ஒண்ணும் தங்கலைன்னு..." அதோடு நிறுத்திக்கொண்டார். பழைய மாதிரியைப் பார்க்காமல் கைவைக்க மாட்டேன் என்று பச்சை குத்துகிறவர் அவர்களை என்னிடம் அனுப்பியிருந்தார்.

மீதியை அவள் சொன்னாள். "சோடி சேக்கலைன்னா இவுகளுக்கு வேற பொண்ணு கட்டப் போறாகளாம். நா ஓடலைங்கய்யா. பல்லக் கடிச்சுக்கிட்டு கடைசி வரைக்கும் உக்காந்துதான் இருந்தேன். சொன்னா யாரு கேக்கா?"

அட்டையை எடுத்துவந்து அவள் கைக்குப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனது. இந்த அட்டைக்கு மலைமேலும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இந்தம்மா ஓடலைங்க. முழுசாத்தான் குத்தியிருக்கு. சோடி மயிலே கெடையாது, இது புருசன் பேருக்கு விட்ட எடம். கல்யாணத்துக்கு அப்புறம் வந்து குத்திக்கிறது. மலைமேல உங்களுக்கு இந்த வழக்கம் தெரிய ஞாயமில்ல" என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவர் முகம் தெளிந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. தாய்க்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். "அப்ப எம்பேரக் குத்திப்புட்டாச் சரியாப்போச்சு. ஆத்தா வாயையும் அடச்சுப்புடலாம். வா புள்ள, வெரசாப் போவோம்" என்று எழுந்தார்.

அவள் எழுந்திருக்கவில்லை. அட்டையில் இருந்த வெறும் கட்டத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அய்யா, பேரு குத்துனா அழிக்க முடியுமா?"

"முடியாதும்மா."

"அந்தப் பொண்ணு வீட்டுல வெத்தல பாக்கு மாத்தியாச்சா இல்லையான்னு இவுககிட்டக் கேளுங்க."

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆத்தாதான் மாத்துச்சு. நா போகல" என்றார்.

அவள் முந்தானையை இழுத்து முன்கையை மூடிக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப வெறுங்கட்டமாவே கெடக்கட்டுங்க. முழுசாத்தான குத்தியிருக்கு."