அம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை

மலாக்காவில், உஜோங் பாசிர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மணி பிள்ளையின் அக்கா போனில் கூப்பிட்டு, மணி இறந்துவிட்டான், மாரடைப்பு என்று மலாயில் சொன்னார். வெட்டச் சொன்ன மீனை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். மீன்காரர் பின்னால் கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது.

பண்டார் ஹிலிர் ஓட்டலில் எங்களோடு ஏர்கான் பழுதுபார்த்தவர்களுக்கு அவனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். காஜா பேராங்கில் பிறந்த மலாக்கா செட்டி; அது சாதிப் பெயரல்ல, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிய தமிழ் வம்சம். வீட்டில் அவர்களுடைய மலாய்தான். தமிழை எங்களிடம் பொறுக்கிக்கொண்டான். "நான் தமிழ் பேசுனா நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க லா, நான் நிறுத்தமாட்டேன்" என்பான். கடைசிவரை நிறுத்தவில்லை.

அவனுடைய அம்மா படுக்கையில் விழுந்தபின், வேலை முடிந்து போய் அவர் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, பேசவிட்டுக் குரலைப் பதிவு செய்வான். அவன் கேட்பான், அவர் சொல்வார். பழைய தாலாட்டு, கல்யாணச் சடங்கு, மீன் குழம்புக்கு எதை முதலில் போடுவது, எல்லாம். "வேற எங்கயாவது காப்பி எடுத்து வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "எங்க அம்மாவ எத்தனை இடத்துல வைக்கிறது?" என்றான்.

அம்மா போன மறுவருடம் லேப்டாப் திணறத் தொடங்கியது. போகிக்கு முந்தின நாள் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் அதைக் கவிழ்த்துப் போட்டோம். கழற்றிய ஸ்க்ரூக்களைச் சம்பல் கிண்ணத்தில் போட்டுவைத்தான். பழைய ஹார்ட் டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகி, மூடி, ஓடவிட்டோம். ஓடியது! அடுத்து, பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலை முன்னறையில் அம்மா படத்துக்குக் கீழே லேப்டாப்பை வைத்து, பழைய டிஸ்க்கை ஒயரில் இணைத்து, கோப்புகளை மாற்ற ஓடவிட்டான். "அம்மா பாக்கட்டும்" என்றான்.

அன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு. செத்துப்போன பெரியவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, அதே முன்னறையில் வாழையிலையில் படைப்பார்கள். சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்திவிட்டால், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. சாத்திய கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்டது. டிஸ்க் சாகும் சத்தம். எங்கள் இருவருக்கும் தெரியும்.

"ஒயரைப் பிடுங்கிடணும்டா. நான் போறேன். நான் உங்க குடும்பம் இல்லையே" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் லா. அம்மா சாப்பிடுறாங்க."

நின்றோம். சத்தம் வேகமாகி, பிறகு நின்றுபோனது. கதவைத் திறந்தபோது ஒரு கோப்புகூடப் புதியதற்கு வந்திருக்கவில்லை. ஊரில் இருக்கும் கடைகளுக்கெல்லாம் கொண்டுபோனோம். சத்தம் வந்தவுடனே நிறுத்தியிருந்தால் ஏதாவது தேறியிருக்கும் என்று ஒருவர் சொன்னார். மணி தலையாட்டினான். வெளியே வந்ததும், "நிறுத்தியிருந்தா அம்மா பாதிச் சாப்பாட்டுல எழுந்திருப்பாங்க" என்றான். மடப்பயலே, உன் அம்மா கோபித்துக்கொண்டா இருப்பார்? அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.

மணியின் காரியம் முடிந்து அவன் அக்கா அந்த டிஸ்க்கை என்னிடம் கொடுத்தார். மறுபடி ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்க்கக்கூட அவர்களுக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது: அதில் கேள்வி கேட்கும் குரல் மணியுடையது. எங்கள் யாரிடமும் அவன் குரல் இல்லை. இருந்த ஒரே இடம் அதுதான்.

அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த டிஸ்க் மட்டுமே. வரும் போகிக்கு அவனுக்கும் ஓர் இலை போடுவார்கள். கதவைச் சாத்தியதும் நானும் வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வராது.