ஐந்தில் இரண்டு

பி.எஸ்சி. கணிதத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். என்னோடு படித்த அவளோ ஒரு தாளில் அரியர் வைத்துத் தேறியவள். இருவருக்குமே பி.எட். முடித்து டீச்சராக வேண்டும் என்று ஆசை. அதனால்தான் சனிக்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து பாலம் தாண்டி அரியாங்குப்பம் சமுதாயக்கூடத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் பாடம் எடுத்தோம். ஆறாம் வகுப்புக் கணக்கை எங்களில் ஒருத்தியிடம் வருடம் முழுவதும் ஒப்படைப்பதாக அங்கே வகுப்புகளை நடத்தும் பொறுப்பாளர் சொல்லியிருந்தார். அது எனக்கு வேண்டும்.

பிள்ளைகளோ அவளைத்தான் மொய்த்தார்கள். அவள் ஸ்கூட்டி நிற்கும் முன்பே பையை வாங்க நாலு பேர் ஓடுவார்கள். கணக்கில் புலியான என்னைச் சீந்த ஆளில்லை. வயிறு எரிந்தது.

ஒருநாள் அவள் வகுப்பை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று பலகையில் எழுதியிருந்தாள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். போனில் படம் எடுத்துக்கொண்டு நேரே பொறுப்பாளரிடம் போனேன். பின்னம்கூடக் கூட்டத் தெரியாதவள் என்று போட்டுக்கொடுத்தேன். அவர் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கு எனக்கு வந்தது, அவளை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார். அவள் முகம் வாடியது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை என் வகுப்பில் அப்படி ஓர் அமைதி. பலகை நிறைய எழுதினேன், பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் பார்த்து எழுதினார்கள். பாடம் நடத்துவதென்றால் இப்படித்தான் நடத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நோட்டுகளை வாங்கித் திருத்த உட்கார்ந்தேன். முதல் நோட்டில் ஏழு பெருக்கல் எட்டு, ஐம்பத்து நாலு என்றிருந்தது. அடுத்ததிலும் அதேதான். எல்லாவற்றிலும் அதேதான். பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே என் கையெழுத்தில் அதே ஐம்பத்து நாலு இருந்தது.

முன்வரிசைச் சிறுமியிடம், வாய்ப்பாடு தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியும்க்கா. அந்தக்கா வேணும்னே தப்பாப் போடுவாங்க. நாங்க கண்டுபுடிச்சிக் கத்தணும்."

அப்படியானால் என் தப்பை ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க கோச்சிக்குவீங்கன்னு அப்படியே எழுதிக்கினோம்."

பக்கத்து அறையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். அவள் ஏதோ தப்பாக எழுதியிருக்க வேண்டும். என் வகுப்பு வாய் திறக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.