ஐந்து வெடித் துவக்குக்கு நான் எழுதிக் கொடுத்த கடதாசி

1. பெருமாளின் மனைவி

தமிழரைத் தேடித் தாக்கிய எண்பத்து மூன்றின் ஆடிக் கலவரம் அடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. கண்டியில் நான் துப்பாக்கிகளைச் சோதித்துப் பெறுமதி எழுதும் வேலை செய்த துவக்குக் கடையில் பாதிக் கதவைத்தான் திறந்து வைத்திருந்தோம். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கணக்கப்பிள்ளை பெருமாளின் மனைவி உள்ளே வந்து, கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, அவர பொலிஸ்ல புடிச்சு வச்சிருக்காங்க. நாங்க இருக்குற லயத்து வீடுகளுக்குத் தீ வைக்கக் கூட்டமா வந்தாங்க. அவரு வானத்தப் பாத்து ஒரு வெடிதான் வச்சாரு. தேயிலைக்குள்ளருந்து வேற யாரோ படபடன்னு மூணு வெடி வச்சிருக்காங்க. வந்தவங்கள்ல ஒருத்தருக்குத் தொடையில பட்டிருச்சு. அத இவருதான் சுட்டாருன்னு சொல்றாங்க."

"அந்தத் துவக்கால மூணு வெடி வைக்க ஏலாதே, தங்கச்சி."

"அதத்தான் அவரும் சொன்னாரு. ஒங்க கடுதாசியக் காட்டி, கடைக்காரன் சொல்றது பொய்யா, நீ சொல்றது பொய்யான்னு கேக்குறாங்களாம்."

பொய் சொன்னது கடைக்காரனான நான்தான்.

2. துவக்கின் பெறுமதி

கலவரத்துக்கு இரண்டு மாதம் முன்பு பெருமாள் அந்தத் துவக்கை என்னிடம் கொண்டு வந்தார். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. ராமேஸ்வரக் கப்பலுக்குத் திகதியும் குறித்தாகிவிட்டது. துவக்கைக் கொண்டுபோக முடியாது, விற்க வேண்டும்; அதற்கு என் பெறுமதிக் கடதாசி வேண்டும்.

"தோட்டத்து வெள்ளக்காரத் தொரை ஊருக்குப் போறப்ப குடுத்ததுங்க நானா. பன்னி வெரட்டத்தான் வச்சிருந்தேன். அங்க போயி ஒரு குடிசையாச்சும் போடணும். பாத்து எழுதுங்க" என்றார்.

பழைய பெல்ஜியம் செமி ஓட்டோ, பன்னிரண்டு போர், திரும்ப ஏற்றாமலே ஐந்து வெடி வைக்கும் வகை. இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறேன்: பழைய துவக்கில் முதலில் பளபளப்பைப் பார்க்காதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மினுக்கியிருந்தால் பாதிப் பெறுமதி அங்கேயே போய்விட்டது. இது தேய்க்காதது. குழாயான பரலின் நம்பரும் உடற்பகுதியான பொடியின் நம்பரும் ஒன்று. பரலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், உள்ளே துருப்பள்ளம் ஒன்றுகூட இல்லை. தோளில் வைக்கும் கட்டையும் பழைய வால்நட் கட்டைதான், மாற்றியதில்லை. எனக்கே ஆசை வந்தது.

பிறகு மருந்தில்லாத டம்மித் தோட்டாக்களைப் போட்டு இயக்கிப் பார்த்தேன். இந்த வகையில் ஒவ்வொரு வெடிக்கும் பரல் பின்னால் போய் வரும், போல்ட் அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும். இதில் போல்ட் பின்னாலேயே நின்றது. கட்டையைக் கழற்றினால் உள்ளே இருந்த, போல்டை முன்னுக்குத் தள்ளும் ஸ்பிரிங் மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடித்து இரண்டாக உடைந்து கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான், எடுப்பிப்பது லேசில்லை. ஐந்து வெடித் துவக்கு ஒரு வெடித் துவக்காகிவிட்டது.

சொன்னதும் பெருமாளின் முகம் வாடிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மனம் இளகிவிட்டது. வாங்குகிறவன் யாராவது பணக்காரனாக இருப்பான், அலுமாரியில் வைத்து அழகு பார்ப்பான் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, 'ஐந்து வெடியும் ஒழுங்காக இயங்கும்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். லைசன்ஸ் மாற்ற, மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போகும் கடதாசி அது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். துவக்கையும் கடதாசியையும் பெருமாள் திரும்பக் கொண்டுபோனார்; வாங்க ஆள் கிடைக்குமுன் கலவரம் வந்துவிட்டது.

3. பத்தொன்பது நாள்

விஷயத்தை முதலாளி ஹாஜியாரிடம் சொன்னேன். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர்.

"நீங்க போய்ச் சொன்னா ஒங்கட கையெழுத்துக்கு மதிப்பில்ல. கடை லைசன்ஸும் போகும். இந்த நேரத்தில ஏன் வம்பு? வழக்கு வந்தா அவங்களே கழட்டிப் பாப்பாங்க."

எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. என் வீடு இருந்த அலவத்துகொடயிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தேன், வேலை செய்தேன், போனேன். துவக்குக்குச் சீல் வைத்துவிட்டார்கள், யாரும் கழற்றிப் பார்க்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் அந்தப் பெண் மறுபடி வந்தார். கூடவே இரண்டு பிள்ளைகளும், ஒரு தகரப் பெட்டியும்.

"கப்பலுக்குப் போக இன்னைக்கு ரயிலுங்க நானா. திகதிய மாத்த மாட்டேன்னுட்டாங்க. லயமும் எரிஞ்சு போச்சு, புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க நிக்க? அவர விட்டுட்டுப் போறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க."

அவர்கள் ரயிலடிப் பக்கம் திரும்பியதும் நான் பொலிஸுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் முன்னால் கட்டையைக் கழற்றினேன். துருவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது இந்த மாதத்துத் துரு இல்லையே" என்றார் சிங்களத்தில்.

"இல்லை ஐயா. எழுதும்போதே உடைந்திருந்தது. தெரிந்துதான் எழுதினேன்."

வாக்குமூலம் எழுதி எடுத்தார்கள். பெருமாள் வெளியே வர மேலும் நாள் பிடித்தது. அதன்பின் என் கையெழுத்தைக் கச்சேரி ஏற்கவில்லை. வெகுகாலம் நான் கடையில் துவக்குத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்கு வேண்டியதுதான். ஆனால் பெருமாளுக்குப் புதிதாகத் திகதி கிடைப்பதற்குள் வடக்கில் சண்டை மூண்டு கப்பல் நின்றுவிட்டது. மனைவி பிள்ளைகள் அக்கரையில், அவர் இக்கரையில்.

ஒருநாள் கடைக்கு வந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். ஹாஜியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"கடுதாசி எழுதுனதுக்கு ஒங்க மேல கோவமில்ல நானா. கும்பிட்டுக் கேட்டது நான்தானே" என்றார். "ஆனா அவ மொத தடவ வந்தப்பவே நீங்க போயிருக்கலாம். நாலு பேரும் ஒண்ணா ரயில் ஏறியிருப்போம்."



தம்பிமாரே, கை தவறியோ மனம் இளகியோ நீங்களும் ஒருநாள் பிழையாக எழுதிவிடலாம். எழுதியதை நம்பி ஒருவன் அகப்பட்டுக்கொண்டான் என்று கேள்விப்பட்டால், முதலாளியிடம் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.