எண்ணை மாற்ற மாட்டேன்

கல்வராயன் மலையில் நான் கிராமச் செவிலியர். கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் என் கைப்பேசி எண்ணைச் சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள். வலி எடுத்தால் ஆம்புலன்ஸுக்கு முன் எனக்குத்தான் அழைப்பு வரும்.

ஒருநாள் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது புது எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. பிரசவ அவசரம் என்று நினைத்து எடுத்தேன். சட்டையில்லாத ஒருவன் பல்லைக் காட்டினான். துண்டித்தேன். அசிங்கமான செய்திகள் வரத் தொடங்கின. அந்த எண்ணைத் தடுத்தால் வேறு எண்ணில் வந்தான். புது எண்ணிலிருந்து மணி அடித்தால் எடுக்கவும் பயம். எடுக்காமல் இருக்கவும் முடியாது.

என் வீடு மலைக்குக் கீழே கள்ளக்குறிச்சியில். கணவரிடம் சொன்னேன்.

"நம்பர மாத்திடும்மா. இன்னாத்துக்கு இந்த ரோதன?"

"மாத்துனா மலை மேல இருக்கறவங்க யாரக் கூப்புடுவாங்க? தப்பு பண்ணவன் ஜாலியா சுத்திக்கினு இருக்கான். நான் ஏங்க ஒளியணும்?"

காலையில் அவரே வண்டியை எடுத்து வெளியே நிறுத்தினார்.

சைபர் குற்றப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி விசாரித்தார். "எதையாவது அழிச்சிட்டீங்களா?"

"இல்லைங்க." அருவருப்பாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன்.

"அதுதாம்மா வேணும். அவனுக்குப் பதில் மட்டும் போடாதீங்க." வாட்ஸ்அப்பில் தெரியாதவர்களுக்கு என் படம் தெரியாதபடி மாற்றவும் அவரே சொல்லிக் கொடுத்தார்.

சில வாரங்களில் ஆள் பிடிபட்டான். நான் ரீசார்ஜ் செய்யும் கடைக்காரரின் கூட்டாளி. கடையில் நான் சொன்ன எண்ணை அவர்தான் கொடுத்திருக்கிறார்.

"வெளையாட்டா குடுத்துட்டேங்க. கம்ப்ளைண்ட வாபஸ் வாங்கிடுங்க" என்று கடைக்காரர் கெஞ்சினார்.

"வாங்க மாட்டேன்." முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன்.

அடுத்த தடுப்பூசி நாளில் நடந்ததை எல்லாம் தாய்மார்களிடம் சொன்னேன். எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒருத்தி மட்டும் நின்றாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. கொஞ்ச காலமாக எப்போது அழைத்தாலும் அவள் போன் அணைந்தே கிடந்தது. டவர் இல்லை என்று நினைத்திருந்தேன்.

"எனக்கும் ஒருத்தன் இப்பிடித்தான் அனுப்பிக்கினு இருந்தான்ங்க. வூட்டுல தெரிஞ்சா போனப் புடுங்கிப்பாங்க. அதான் ஆப் பண்ணி வெச்சிட்டேன்."

இவளுக்கு வலி கண்டிருந்தால் யாரை அழைத்திருப்பாள்? எனக்குப் பதறியது.

"போன ஆன் பண்ணு. எதையும் அழிக்காத. வூட்டுல நான் பேசறேன்."

அன்றைக்கே அவள் மாமியாரைப் போய்ப் பார்த்தேன். "போன் இருந்தாலே வம்புதான்" என்றுதான் அந்தம்மா ஆரம்பித்தார். மருமகள் போனில் இருந்த செய்திகளைக் காட்டினேன். படித்துச் சொல்லச் சொன்னார். பாதி படிப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"கம்ப்ளைண்ட் குடுக்க எந்த பஸ்ஸுல போவணும்?"

மறுநாள் மூவரும் மலையிறங்கினோம். கள்ளக்குறிச்சி வரும்வரை அந்தம்மா அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். மருமகள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அணைக்காத போனைக் கையில் பிடித்திருந்தாள்.