டேஷ்போர்டில் ஒரு பொட்டு

மீஞ்சூரில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் ஷெட்டுக்கு நேற்று ஒரு டிரெய்லர் வந்தது. ஏறிப் பார்த்தேன். டேஷ்போர்டில் ஆயில் லைட் இருக்கும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

“எப்பவும் எரிஞ்சிகினே கீதுக்கா. கண்ணு கூசுதுன்னு ஊட்டுக்காரியோடத ஒட்டிக்கினேன்” என்றான் டிரைவர்.

பழவேற்காட்டில் மீன் லாரி ஓட்டிய என் நைனாவும் இதையேதான் செய்தார். ஆயில் குறைந்தால் எரியும் அந்தச் சிவப்பைப் பார்க்கப் பிடிக்காமல், அம்மா கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த மெரூன் பொட்டை உரித்து எடுத்துப் போனார். மீன் கவிச்சி நாறும் கேபினில் ஏறி அதை அழுத்தி ஒட்டியது நான்தான்.

பொன்னேரி தாண்டுவதற்குள் இன்ஜின் சீஸ் ஆகி இறுகி நின்றுவிட்டது. மீன் அழுகி, வேலையும் போய், நைனா வீடு வந்தார்.

“இன்னா ராசிடி உன் பொட்டு! தரித்திரம் புடிச்சது!” என்று அம்மாவிடம் கத்தினார். ஆயில் ஊற்றாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா நெற்றியில் இருந்ததைப் பிய்த்துச் சுவரில் ஒட்டினாள். அதன் பிறகு வைக்கவே இல்லை.

டிரைவரின் பொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அடியில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

“மொதல்ல ஆயில பாரு. இத ஊட்ல குடுத்துடு.”

அவனுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. நைனா செத்தபோது அம்மாவின் பொட்டை அழிக்க வந்த பெண்கள் கையை நீட்டியபடியே நின்றார்கள். அழிக்க அங்கே ஒன்றும் இல்லை.